ஓஎம்ஆர் ஹாஸ்டல்ல 2019 கோடை: ஒரு ஸ்டூடண்ட் எழுதி வச்ச தண்ணிக் கணக்கு - நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2019 கோடைல சென்னை ஓஎம்ஆர்ல, துரைப்பாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவுல இருக்கிற ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல நடந்தது. மூணு மாடி, எல்லாரும் இருக்கிற நாள்ல எண்பது பேர் கிட்ட, பாதிப்பேர் காலேஜ் பொண்ணுங்க, மீதி ஐடி கம்பெனியிலயும் கால் சென்டர்லயும் வேலை பாக்கிறவங்க. நானும் அங்கதான் இருந்தேன். இதுல முக்கியமா வர்றது என் பக்கத்து ரூம்ல இருந்த எம்எஸ்சி கெமிஸ்ட்ரி ஸ்டூடண்ட், ராமநாதபுரம் மாவட்டத்துப் பொண்ணு. அவ எழுதி வச்ச நோட்டு ஒண்ணு, ஹாஸ்டல் ஓனர் வச்சிருந்த லாரி கணக்கு நோட்டு ஒண்ணு, இந்த ரெண்டையும் வச்சுத்தான் எழுதறேன், ரெண்டு பேர் கிட்டயும் கேட்டாச்சு, பேரு யாரோடதும் போடல.

அந்த வருஷம் சென்னை எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். 2018 வடகிழக்குப் பருவமழை சென்னைக்கு வழக்கத்துல பாதி அளவுதான் பெஞ்சுச்சு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேந்து 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும், ஜூன் 2019ல அதுல ஒரு சதவீதம்கூட இல்ல. மெட்ரோ வாட்டர் ஊருக்கு நாள் ஒண்ணுக்கு விட்டுட்டிருந்த சுமார் 830 மில்லியன் லிட்டரை 525க்கு குறைச்சுட்டாங்க. ஆனா எங்க பக்கம் பெரும்பாலான பில்டிங்குக்கு அந்தப் பைப்பே கிடையாது, எப்பவுமே லாரிதான், கூட ஒரு போர். பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் பக்கத்துலயே இருக்கறதால போர் தண்ணி உப்பு, ஏப்ரல்ல அதுவும் வத்தி, மோட்டார் போட்டா கொஞ்ச நேரம் வரும் அப்புறம் காத்துதான்.

ஹாஸ்டல் ஓனர் ஆன்ட்டி நாள் ஒண்ணுக்கு 12,000 லிட்டர் லாரி ஒரு லோடு வாங்கிட்டிருந்தாங்க. எண்பது பேருக்குப் பிரிச்சா தலைக்கு 150 லிட்டர், பெரிய நகரங்கள்ல ஒருத்தருக்கு இவ்வளவு வேணும்னு கவர்மென்ட் போட்ட கணக்கும் அதேதான், அதனால நாங்க ஒண்ணும் ஊதாரியா இருந்தோம்னு சொல்ல முடியாது. பிரச்சனை என்னன்னா மே மாசம் அந்த ஒரு லோடு வர்றதே நிச்சயமில்லாம ஆயிடுச்சு, விலையும் பழைய விலையை விட ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, மெட்ரோ வாட்டர்ல லாரி புக் பண்ணினா வாரக்கணக்குல காத்திருக்கணும். அக்கம்பக்கத்துல ரெண்டு மெஸ் மதிய சாப்பாட்டையே நிறுத்திட்டாங்க.

மே: நோட்டுல என்ன இருந்துச்சு

அந்தப் பொண்ணு ப்ராஜெக்ட்டுக்காக லீவுல ஊருக்குப் போகாம இங்கயே தங்கிட்டா. அவங்க ஊர்ல கோடை வந்தா கண்மாய்க்குள்ள ஊத்து தோண்டி, ஊறி வர்ற தண்ணிய கொட்டாங்கச்சியால மோந்து மோந்து குடத்துல ஊத்தணும், ஒரு குடம் நெறைய எவ்வளவு நேரம் ஆகும்னு அங்க சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும். சென்னைக்கு வந்து ரெண்டு வருஷத்துல தானும் பைப்பைத் திறந்து விட்டுட்டு நிக்கிற ஆளா மாறிட்டேன்னு அவளுக்கே ஒரு உறுத்தல். "வீட்ல இன்னைக்கு எத்தன குடம் செலவாச்சுன்னு அம்மா சாயங்காலம் சொல்லிடுவாங்க, இங்க நான் எத்தன குடம் செலவு பண்றேன்னு எனக்கே தெரியல"ன்னு சொன்னா. அதுதான் அந்த நோட்டு ஆரம்பிச்ச காரணம்.

முதல்ல அவளோட பழக்கத்தைத்தான் எழுதினா. பாத்ரூம்ல இருக்கிற பக்கெட் 18 லிட்டர். அதுல குளிச்சா ஒரு பக்கெட், தலைக்குக் குளிச்சா ரெண்டு. ஷவர்ல எவ்வளவுன்னு பாக்க ஷவருக்குக் கீழ பக்கெட்டை வச்சு போன்ல நேரம் பாத்தா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள பக்கெட் நெறைஞ்சிடுச்சு, அதாவது நிமிஷத்துக்கு ஒம்போது பத்து லிட்டர், ஏழு நிமிஷம் நின்னா மூணரை பக்கெட்டுக்கு மேல. பல்லு விளக்கறப்ப வாஷ்பேசின் பைப்பைத் திறந்தே வச்சிருந்தா அதுவே ஒரு பக்கெட் போயிடுது. இதை எங்களக் கூப்பிட்டுக் காட்டினப்ப ஒருத்தரும் நம்பல, அப்புறம் பேசின் அடியில இருக்கிற வேஸ்ட் பைப்பைக் கழட்டி பக்கெட்டை வச்சு எங்களையே பல்லு விளக்கச் சொன்னா. நுரையோட பக்கெட் நெறைஞ்சு நிக்கிறதைப் பாத்ததுக்கு அப்புறம் அந்த ஃப்ளோர்ல யாரும் பைப்பைத் திறந்து வச்சுட்டு விளக்கினதா எனக்கு ஞாபகம் இல்ல.

ஆனா அவ நோட்டுல பெரிய பெரிய எண் வந்ததெல்லாம் யாரோட பழக்கத்துலயும் இல்ல, அதுதான் இந்த ஆய்வுல நான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிறது.

ரெண்டாம் மாடி காரிடார்ல இருந்த ஆர்ஓ மெஷின். குடிக்க, சமைக்கன்னு நாளைக்கு 250 லிட்டர் கிட்ட நல்ல தண்ணி குடுக்கும். இந்த மாதிரி மெஷின் பொதுவா உள்ள போறதுல கால் பங்கைத்தான் நல்ல தண்ணியா குடுக்கும், மீதி முக்கால் பங்கு ஒரு சின்ன வெள்ளை டியூப் வழியா சாக்கடைக்குப் போயிடும். அந்த டியூப்ப எடுத்து பக்கெட்ல விட்டுப் பாத்தா, கணக்கு நாளைக்கு 750 லிட்டர்கிட்ட வந்துச்சு. லாரிக்குக் காசு குடுத்து வாங்கின தண்ணி அது. அதே மே மாசம்தான் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பு மாதிரி பொருள், 500 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்ஓவைத் தடை பண்ணணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அதைப் படிச்சுட்டு பேனா மாதிரி இருக்கிற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிட்டு வந்து ஒவ்வொரு லாரியா பாத்தா. ஒரு நாள் 450, ஒரு நாள் 600, ஒரு நாள் 700ங்கிற மாதிரி வந்துச்சு, ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு கிணத்துல இருந்து வருதுன்னு அதுலயே புரிஞ்சுது. ஆர்ஓவை நிறுத்திடலாமான்னு பேச்சு வந்துச்சு, வேணாம்னு முடிவு பண்ணினோம், எந்தக் கிணறுன்னே தெரியாத தண்ணில உப்பு கம்மின்னு மீட்டர் காட்டலாம், கிருமி இருக்கா இல்லையான்னு அது காட்டாது.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க். பழைய மாடல், ஒரு தடவை இழுத்தா 10 லிட்டர். நாளைக்கு ஆளுக்கு அஞ்சு தடவைன்னு வச்சாலே 50 லிட்டர், தலைக்கு வர்ற 150ல மூணுல ஒரு பங்கு அங்கயே போச்சு. அதோட கசிவு வேற. அதைக் கண்டுபிடிக்க அவ செஞ்சது ரொம்ப சிம்பிள், ராத்திரி எல்லாரும் தூங்கினதும் ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்க்லயும் துணிக்குப் போடற சொட்டு நீலம் கொஞ்சம் விட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா. யாரும் ஃப்ளஷ் பண்ணாமலே நாலு கோப்பைல நீலக் கோடு வழிஞ்சு இறங்கியிருந்துச்சு. சத்தமே வராது, கண்ணுக்கும் தெரியாது, ஆனா இப்படிக் கசியற டேங்க் ஒவ்வொண்ணும் நாள் முழுக்க நூத்துக்கணக்கான லிட்டரை விட்டுடும். உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் தேஞ்சு போனதுதான் காரணம், பிளம்பர் அண்ணா ஒரே மத்தியானத்துல எல்லாத்தையும் மாத்திட்டார்.

கடைசியா மொட்டைமாடி டேங்க். மோட்டாரைப் போட்டுட்டு வாட்ச்மேன் அண்ணா கேட்டுக்குப் போயிடுவார், டேங்க் நெறைஞ்சு ஓவர்ஃப்ளோ பைப்ல கொட்டற சத்தம் சமையல்கார அக்காவுக்குத்தான் முதல்ல கேக்கும், அவங்க கத்தினா அவர் ஓடி வந்து அணைப்பார். தினமும் காலைல இதேதான்.

மே கடைசி: நேரம் வச்சு விட்டது

இதுக்குள்ள ஒரு வாரத்துல ரெண்டு நாள் லாரி வரல. ஓனர் ஆன்ட்டி பயந்துட்டாங்க, காலைல 6லிருந்து 8, சாயங்காலம் 6லிருந்து 8 மட்டும்தான் தண்ணின்னு போர்டு எழுதி மாட்டிட்டாங்க. அவங்க நெலமைல யாரா இருந்தாலும் முதல்ல இதைத்தான் செஞ்சிருப்பாங்க, அதனால அவங்களக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, காசும் அவங்களோடது, ராத்திரி பதினோரு மணிக்கு லாரிக்காரருக்கு போன் பண்ணி நிக்கிறதும் அவங்கதான்.

ஆனா நடந்தது என்னன்னா, தண்ணி செலவு குறையவே இல்ல. 6 மணிக்கு எல்லா ரூம்லயும் இருக்கிற பக்கெட், குடம், டப்பா, பெரிய தண்ணி பாட்டில்னு எல்லாத்துலயும் பிடிச்சு வச்சுப்பாங்க, சாயங்காலம் புதுத் தண்ணி வந்ததும் பழசைக் கொட்டிட்டு மறுபடி பிடிப்பாங்க. அடுத்த நேரம் வருமோ வராதோங்கற பயத்துல தேவைக்கு மேல பிடிக்கிறது மனுஷ சுபாவம். தண்ணி இல்லாத நேரத்துல திறந்து பாத்துட்டு மூடாம விட்ட பைப்புல 6 மணிக்குத் தானா தண்ணி கொட்டும், ரூம்ல ஆள் இருக்க மாட்டாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு காலைல ஒம்போது மணிக்கு வர்ற அக்காங்களுக்கு முகம் கழுவக்கூட சொட்டுத் தண்ணி இருக்காது, அவங்க ரூம்மேட் பிடிச்சு வச்சாத்தான் உண்டு, அதுல சண்டை வேற. லாரி நோட்டைப் பாத்தா அந்த வாரமும் லோடு ஒரே நாள்லதான் தீந்திருக்கு.

ஜூன் முதல் வாரம்: எடுத்த முடிவு

அவ நோட்டை எடுத்துட்டுப் போய் ஆன்ட்டி கிட்ட உக்காந்து பேசினா. "ஆன்ட்டி, நேரம் வச்சு விட்டா இன்னும் ஜாஸ்திதான் போகும், 24 மணி நேரமும் விடுங்க, ஆனா வர்ற வேகத்தைக் குறைச்சுடலாம்." ஆன்ட்டிக்கு முதல்ல நம்பிக்கை வரல. "என்னம்மா நீ, லாரியே வரமாட்டேங்குது, நாள் பூரா திறந்து விடச் சொல்ற"ன்னாங்க. ரெண்டு வாரம் பாப்போம், குறையலைன்னா பழையபடி நேரம் வச்சுக்கலாம்னு பேசி முடிச்சா. அன்னைக்கு ராத்திரி டைனிங் ஹால்ல எல்லாரையும் கூப்பிட்டு வச்சு முடிவு பண்ணினதுதான் இதெல்லாம்.

ஷவருக்குப் போற வால்வை அடைச்சுடறது, எல்லாரும் பக்கெட்ல குளிக்கிறது. வாஷ்பேசின் அடியில இருக்கிற ஆங்கிள் காக்கைப் பாதி மூடிடறது, இதுக்குக் காசே வேணாம், கைய வச்சுத் திருகினா போதும், கை கழுவ அந்தத் தண்ணியே தாராளம். ஃப்ளஷ் டேங்க் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி நெறைச்சு மூடி போட்டு நிக்க வைக்கிறது, அது எடம் பிடிச்சுக்கறதால ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் கம்மியா போகும், எண்பது பேர் அஞ்சு தடவைன்னா நாளைக்கு 400 லிட்டர். ஆர்ஓ கழிவு டியூப்ப நீட்டி, முதல் மாடி பின்பக்க பால்கனில ஸ்டாண்டு மேல வச்ச 500 லிட்டர் டிரம்முக்குக் கொண்டு போயி, அங்க இருந்து கீழ்த்தள டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கும் தரை துடைக்கவும் எடுத்துக்கறது. வாஷிங் மெஷின் ஒரு லோடுக்கு நூறு லிட்டருக்கு மேல குடிக்கிற டாப் லோடு, அதனால தனியா நாலு துணி போடாம ரூம்ல இருக்கிற மூணு பேரும் சேத்துப் போடறது. அலசின தண்ணிய ஒரு டிரம்ல பிடிச்சு மேல்மாடி டாய்லெட்டுக்கு ஊத்தறது. மொட்டைமாடி டேங்க்குக்கு ஃப்ளோட் வச்ச ஆட்டோமேட்டிக் சுவிட்ச்.

இது போக ஒண்ணு, இதுதான் அவளோட சொந்த யோசனை. தினமும் காலைல சம்ப்ல ஒரு நீளக் குச்சிய விட்டு எவ்வளவு ஈரமாகுதுன்னு பாத்து, டைனிங் ஹால் கரும்பலகைல எழுதறது. யார் எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு எழுதக் கூடாதுன்னு அவ கறாரா சொல்லிட்டா. சில பேர் ரூம் வாரியா எழுதலாம்னு கேட்டாங்க, மாதவிடாய் நாள்ல ஒருத்திக்குத் தண்ணி அதிகம் வேணும், நைட் ஷிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை குளிக்கணும், அதையெல்லாம் போர்டுல போட்டு ஒருத்தர ஒருத்தர் பாக்க வச்சா ஹாஸ்டல்ல நிம்மதி போயிடும்ங்கறது அவ வாதம். நான் அப்பவும் அவ பக்கம்தான், இப்பவும் அவ பக்கம்தான்.

ஜூன், ஜூலை: நடந்தது

ஜூன் நடுவுல ஊரே அல்லோலகல்லோலம். கம்பெனிங்க ஆளுங்கள வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்க, வீடுன்னா எங்களுக்கு ஹாஸ்டல்தானே, அதனால பகல்ல காலியா இருக்கிற ரூமெல்லாம் நெறைஞ்சுடுச்சு, தண்ணி செலவு ஏறியிருக்கணும். ஜூன் 20 அன்னைக்கு ஆறு மாசத்துக்கு மேல கழிச்சு ஊர்ல மழை பேஞ்சுது, மொட்டைமாடில போய் நனைஞ்சோம், சம்ப்ல ஒண்ணும் ஏறல. தமிழ்நாட்ல 2003லயே எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் பண்ணியாச்சு, எங்க ஹாஸ்டல்லயும் அந்தக் குழி இருந்துச்சு, ஆனா உள்ள மணலும் குப்பையும் அடைச்சு, மாடித் தண்ணி நேரா ரோட்டுக்குத்தான் போச்சு. அதைப் பாத்த அன்னைக்கே அவ நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதியிருக்கா. ஜூலை 12 அன்னைக்கு ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணி வில்லிவாக்கத்துக்கு ரயில்ல வந்துச்சு, டிவில எல்லாரும் உக்காந்து பாத்தோம். எங்க லாரி நோட்டுப்படி அது எங்க ஹாஸ்டலுக்கு ஆறேழு மாசத்துத் தண்ணி.

சரிப்பட்டு வராததையும் சொல்லணும். சோப்புத் தண்ணி டிரம் மூணாவது நாளே நாத்தம் எடுத்துடுச்சு, வெயில்ல சோப்பு நுரையும் துணி அழுக்கும் சேந்து ஒரு நாளைக்கு மேல நின்னா அப்படித்தான் ஆகும். அன்னன்னைக்கே ஊத்திக் காலி பண்ணணும்னு ஆச்சு, அதுக்கு ஆள் இல்ல, ஜூலைலயே அதை விட்டுட்டோம். டிரம்மும் பக்கெட்டும் திறந்து கெடந்ததால கொசு. டெங்கு கொசு நல்ல தண்ணிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சுடும், அதனால எல்லாத்துக்கும் மூடி, ஞாயித்துக்கிழமை காலைல எல்லாத்தையும் கவுத்துக் காய வைக்கிறதுன்னு ஒரு விதி சேத்தோம். இது நல்லாவே நடந்துச்சு, வாட்ச்மேன் அண்ணாவே பொறுப்பா எடுத்துக்கிட்டார்.

அப்புறம் கருவேப்பிலைச் செடி. சமையல்கார அக்கா பின்பக்கம் வளத்த செடி அது, ஆர்ஓ கழிவுத் தண்ணியத்தான் அதுக்கு ஊத்திட்டிருந்தாங்க. லாரி வராத நாள்ல போர் தண்ணிய ஆர்ஓவுக்கு விட்டாங்க, போர் தண்ணி டிடிஎஸ் 2400. முக்கால் பங்கு கழிவுல அத்தனை உப்பும் போய்ச் சேந்தா 3200 வரும், மீட்டர்லயும் அதை ஒட்டித்தான் காட்டிச்சு. எலையோட நுனி மட்டும் தீஞ்ச மாதிரி பழுப்பாகி, அப்படியே உள்ள ஏறிச்சு. அக்கா செடிய நெனச்சு ரொம்ப வருத்தப்பட்டாங்க. அதுக்கப்புறம் அந்தத் தண்ணி டாய்லெட்டுக்கும் தரைக்கும் மட்டும்தான், செடிக்கு அரிசி கழுவின தண்ணி, ஏசில சொட்டற தண்ணி. ஏசி தண்ணி மீட்டர்ல ரொம்பக் கம்மி காட்டும், ராத்திரி முழுக்க ஓடினா முக்கால் பக்கெட் நிக்கும். ஒரு மாசத்துல புதுத் துளிர் வந்துச்சு.

ஆகஸ்ட்: கணக்கு என்ன சொல்லிச்சு

லாரி நோட்டுல ஒரு லோடு எத்தனை நாள் தாங்குச்சுன்னு பாத்தா, மே மாசம் ஒரு நாள், ஜூலை நடுவுல இருந்து ஒன்றரை நாள். தலைக்கு 150ல இருந்து 100 லிட்டர். போர் தண்ணி கலந்த நாளை கணக்குல எடுக்கல, ஊருக்குப் போனவங்களக் கழிக்க மெஸ் அட்டெண்டன்ஸ் வச்சுக்கிட்டோம். 24 மணி நேரமும் தண்ணி வந்துச்சு, யாரும் பிடிச்சு வச்சுக் கொட்டல, நைட் ஷிஃப்ட் அக்காங்க நிம்மதியா குளிச்சுட்டுத் தூங்கினாங்க. ஆன்ட்டி மறுபடி நேரம் வைக்கிறதப் பத்திப் பேசவே இல்ல.

இந்தக் குறைவுல எது எவ்வளவுன்னு அவ பிரிச்சுப் பாத்தா. ஆர்ஓ டிரம், பாட்டில், வாஷர் மாத்தினது, ஃப்ளோட் சுவிட்ச், இதெல்லாம் சேந்துதான் பெரிய பங்கு. இதுல எதுக்கும் தினமும் யாரும் மனச திடப்படுத்திக்க வேண்டியதில்ல. ஷவரை அடைச்சது அடுத்தது. பல்லு விளக்கறப்ப பைப்பை மூடு, துணியச் சேத்துப் போடுங்கற மாதிரி பழக்கங்கள் நிஜமாவே உதவிச்சு, ஆனா மூணாவது எடம்தான். அவளுக்கு இது கொஞ்சம் ஏமாத்தம். ஊர்ல அம்மா குடத்தை எண்ற மாதிரி எல்லாரும் எண்ண ஆரம்பிச்சா மாறிடும்னு நெனச்சுத்தான் நோட்டை ஆரம்பிச்சா. நான் அவ கிட்ட சொன்னது, எண்ணாம இருந்திருந்தா வாஷர் கசியறதும் ஆர்ஓ 750 லிட்டர் கொட்டறதும் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? அம்மாவோட பழக்கம்தான் அந்த நீலக் கோட்டைக் கண்டுபிடிச்சுச்சு.

இன்னொரு விஷயம், இதை அவ நோட்டுல தனிப் பக்கமா எழுதியிருந்தா. அந்த லாரிங்க காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள்ல விவசாயக் கிணத்துல இருந்து எடுத்துட்டு வர்ற தண்ணி. அந்தக் கோடைல பல ஊர்ல ஜனங்க லாரிய மறிச்சு நின்னாங்க, எங்க கிணறு வத்துது, எங்களுக்குக் குடிக்க இல்லைன்னு. எங்க லாரிக்காரரும் ஒரு தடவை அதனாலதான் வர முடியாமப் போச்சு. அவளுக்கு அது ரொம்ப வலிச்சுது, ஏன்னா அவளோட ஊரும் அந்த மாதிரி ஊர்தான், நாளைக்கு அங்க லாரி வந்து நின்னா என்ன பண்றதுன்னு கேட்டா. மூணு நாளைக்கு மூணு லோடுன்னு இருந்தது ரெண்டு லோடா ஆச்சுன்னா, ஏதோ ஒரு ஊர்க் கிணத்துல 12,000 லிட்டர் அப்படியே நிக்குது. அந்தக் கிணறு எங்க இருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனா ஆன்ட்டிக்கு மிச்சமான காசை விட எங்க ரெண்டு பேருக்கும் மனசுல நின்னது அதுதான்.

அக்டோபர் 2019 - மார்ச் 2020: மழைக்கு அப்புறம்

செப்டம்பர் கடைசில கிருஷ்ணா தண்ணி வந்துச்சு, வடகிழக்குப் பருவமழையும் ஓரளவு கை குடுத்துச்சு, போர்லயும் தண்ணி ஏறிச்சு, லாரி விலை இறங்கிச்சு. தீபாவளிக்கு அப்புறம் புதுசா வந்த பொண்ணுங்க ஷவர் ஏன் வேலை செய்யலன்னு கேட்டாங்க, திறந்து விட்டாங்க. கரும்பலகைல சம்ப் அளவுக்குப் பதிலா மெனு வந்துடுச்சு. துணிய மறுபடி தனித்தனியா போட ஆரம்பிச்சாங்க.

பாதி மூடின ஆங்கிள் காக் அப்படியே இருந்துச்சு, யாரும் குனிஞ்சு திறக்கல. பாட்டில் டேங்க்குள்ளயே கெடந்துச்சு. ஆர்ஓ டிரம்முக்குப் பைப் போட்டாச்சு, அதனால அது பாட்டுக்கு ஓடிச்சு. ஜனவரில ஒரு லோடு ஒண்ணேகால் நாள் தாங்கினதா நோட்டுல இருக்கு, அதாவது தலைக்கு 120 லிட்டர். மறுபடி ஓட ஆரம்பிச்ச போர் தண்ணி இந்தக் கணக்குல வராது, அதனால நிஜத்துல செலவு இன்னும் கொஞ்சம் கூடவே இருந்திருக்கும். 2020 மார்ச் கடைசில ஊரடங்கு வந்து ஹாஸ்டலே காலியாச்சு, அதோட இந்தக் கணக்கும் நின்னுடுச்சு.

இப்ப செஞ்சா என்ன மாத்துவோம்

போன மாசம் அவ கிட்ட போன்ல பேசினப்ப இதைத்தான் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். வாஷர், ஓவர்ஃப்ளோ, ஆர்ஓ கழிவு, இந்த மூணையும் முதல் வாரமே பாத்துடணும், ஜனங்க கிட்ட பழக்கத்த மாத்துங்கன்னு பேசறது அதுக்கப்புறம். ஹாஸ்டல் ஓனர் தன் பக்கத்து ஓட்டையை அடைச்சதைக் கண்ணால பாத்தா, ஷவரை மூடறோம்னு சொல்றப்ப எதுத்துப் பேசறவங்க கம்மியா இருப்பாங்க.

ஷவரை முழுசா அடைக்காம, தண்ணி கம்மியா வர்ற ஷவர் தலை மாட்டியிருக்கலாம். அடைச்சதைத் திறக்கறது சுலபம், அதான் மழை வந்ததும் திறந்துட்டாங்க. கம்மியா வர்றத மாட்டியிருந்தா அது அப்படியே இருந்திருக்கும், புதுசா வந்த பொண்ணுங்களுக்கு அதுதான் ஷவர். ஃப்ளஷ் டேங்கையும் ஒவ்வொண்ணா ரெண்டு பட்டன் வச்ச மாடலுக்கு மாத்தச் சொல்லி ஆன்ட்டிய அந்தக் கோடைலயே கேட்டிருக்கணும், லாரிக்குக் குடுத்த காசோட ஒப்பிட்டா அது பெரிய செலவே இல்ல, அவங்களும் அப்ப கேக்கற மனநிலைல இருந்தாங்க, மழை வந்ததுக்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்க முடியல.

குச்சி வச்சு அளக்கற வேலைய ஒரு ஆள் கையில விட்டது பலவீனம். அவ பரீட்சைக்குப் படிச்ச வாரமெல்லாம் போர்டு காலி. வாட்ச்மேன் அண்ணா தினமும் மோட்டார் போடறவர், அவர் வேலையோட சேத்துக் குடுத்திருந்தா இன்னைக்கும் நடந்துட்டிருக்கும்னு அவ சொல்றா, எனக்கும் அது சரின்னுதான் படுது.

மழைநீர்க் குழிய ஆகஸ்ட்டுக்குள்ள தூர் வாரி, ஜல்லியும் மணலும் மாத்திப் போட்டிருந்தா அந்த வருஷ மழை மொட்டைமாடில இருந்து நேரா போருக்குப் பக்கத்துல எறங்கியிருக்கும், உப்பும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். கணக்கு போட்டு வச்சிருக்கா: மாடி 2,000 சதுர அடி, அதாவது சுமார் 185 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சாலே 1,800 லிட்டருக்கு மேல. ஒரு நல்ல மழை நாள்ல 65 மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு முழு லாரித் தண்ணி. அதை அந்த வருஷம் செய்யல, தூர் வார்ற ஆள் வர்றேன்னு சொல்லிட்டு வரல, அப்புறம் மழையே வந்துடுச்சு. இப்ப அவ வேலை பாக்கிற ஊர்ல வாடகை வீடு எடுத்தப்ப ஓனர் கிட்ட முதல்ல கேட்டது அந்தக் குழி எங்க இருக்கு, கடைசியா எப்ப தூர் வாரினீங்கன்னுதான்.